பரண் பொருளுக்கும் ஒரு விலை: இணைய ஏலத்தில் விற்க சில குறிப்புகள்

2000-இல் தொடங்கிய 'பாசி' என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-இல் அமெரிக்காவின் ஈபே விலைக்கு வாங்கியது. பிறகு அது ஈபே இந்தியா ஆகி, 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதோடு நம் ஊரில் ஆன்லைன் ஏலமே முடிந்துபோனது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடியவில்லை, இரண்டாகப் பிரிந்து நடந்துகொண்டிருக்கிறது. இங்கே உட்கார்ந்தபடியே ஈபேயின் அமெரிக்க, பிரிட்டிஷ் தளங்களில் வெளிநாட்டாருக்கு விற்பது ஒன்று. நாணயம், தபால்தலை, இசைத்தட்டு, வாட்ச், பேனா சேகரிப்பவர்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் குழு வைத்துத் தங்களுக்குள் ஏலம் விடுவது இன்னொன்று. பரணை ஒழிக்கும்போது கிடைக்கும் சாமான்களை எடைக்குப் போடுவதற்கு முன் இந்த இரண்டு வழியையும் பார்த்துவிடலாம்.

1. முதலில் பொருளைப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஏலத்தில் விடக்கூடாது. மூன்று வருடம் ஓடிய மிக்ஸி, குழந்தை வளர்ந்துவிட்டதால் மடக்கி வைத்த தொட்டில், எக்சர்சைஸ் சைக்கிள் போன்றவற்றின் விலை எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஓஎல்எக்ஸிலோ அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ விலை போட்டு விற்றுவிடுங்கள். விலை இன்னதென்று உங்களுக்கே தெரியாத, ஆனால் இரண்டு பேராவது போட்டி போடக்கூடிய பொருளுக்குத்தான் ஏலம். ஒரே ஒருவர் மட்டும் கேட்டால் அடிமாட்டு விலைக்குப் போய்விடும்.

2. அப்படிப்பட்ட பொருள் நம் வீடுகளில் என்ன இருக்கும்? தாத்தாவின் கைக்கடிகாரம் எச்எம்டி என்றால் எடுத்து வையுங்கள். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு ஜனதா, பைலட், கோஹினூர் மாடல்களைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். தமிழ் சினிமா இசைத்தட்டுகள், எபோனைட்டில் கடைந்த பழைய மைப் பேனாக்கள், முத்திரை விழுந்த தபால் உறைகள், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், சிவகாசி தீப்பெட்டி லேபிள்கள் எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. கிழிந்துபோன பட்டுப்புடவையைக்கூட கைவேலைக்கு என்று வாங்கும் வெளிநாட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். 1995-இல் ஈபேயைத் தொடங்கிய பியர் ஒமிட்யார் சோதனைக்காக ஏலத்தில் வைத்தது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்ட்டர். அது 14.83 டாலருக்குப் போனது.

ஆனால் பழசு என்பதற்காகவே விலை வந்துவிடாது. ஆக்ஃபா கிளிக் 3 கேமரா ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்தது. இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. அதனால் விலை ஏறவில்லை.

3. விற்கவே கூடாத பொருள்களும் அதே பரணில் இருக்கலாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வயதைக் கடந்த சிலை, ஓவியம், நாணயம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 வயதே போதும். தனியார் யாரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயை ஈபேயில் அமெரிக்கருக்கு விற்பதும் இதில் அடங்கும். பார்த்தால் பழசாகத் தெரிந்து, வயது உறுதியாகத் தெரியாத பித்தளைப் பொருள், மரச்சிற்பம் போன்றவற்றுக்குத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்று வாங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். கோயில் சம்பந்தப்பட்டது போல ஒரு சிலை கையில் இருந்தால் ஏலத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். தமிழ்நாட்டில் இதற்கென்றே காவல்துறையில் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது.

தந்தத்தில் செய்த சீப்பு, குங்குமச் சிமிழ் பாட்டி காலத்துச் சொத்தாகவே இருந்தாலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பது குற்றம். மயிலிறகு விசிறியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை.

4. டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் பணம், 786 என்று முடியும் நோட்டு இருந்தால் அதிர்ஷ்டம் என்று வரும் செய்திகளை நம்பிப் பெட்டியைக் குடையாதீர்கள். அந்த நோட்டு லட்சக்கணக்கில் இன்னும் வீடுகளில் கிடக்கிறது. எங்கும் கிடைப்பதற்கு யார் லட்சம் கொடுப்பார்கள்? இதை வைத்து ஒரு மோசடியே நடக்கிறது. "உங்கள் நாணயத்தை வாங்க ஆள் ரெடி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக் கேட்பார்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. விற்கிறவர் முன்பணம் கட்டும்படி யார் கேட்டாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

5. பளபளவென்று இருந்தால் விலை கூடும் என்று நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, சபீனா, டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். நாணயத்தின் மேல் வருடக் கணக்கில் படிந்த நிறத்தைத்தான் சேகரிப்பவர் பார்க்கிறார். தேய்த்த நாணயத்தைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்வார், விலையைப் பாதியாக்குவார் அல்லது வேண்டாம் என்பார். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள்.

பித்தளை, வெண்கலப் பாத்திரத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். தூசியைத் துணியால் துடைத்தால் போதும். வாங்குகிறவருக்குப் பளபளப்பு வேண்டுமென்றால் அவரே தேய்த்துக்கொள்ளட்டும்.

6. பழைய கடிதத்திலிருந்து தபால்தலையைக் கிழித்து எடுக்காதீர்கள். உறை, முத்திரை, ஊர்ப் பெயர், தேதி எல்லாம் சேர்ந்து இருக்கும்போது பல சமயம் தலையைவிட உறைக்கு மதிப்பு அதிகம். கப்பலில் பினாங்கு, ரங்கூன், கொழும்பு போய்வந்த செட்டிநாட்டு வியாபாரக் கடிதங்கள் இதற்கு நல்ல உதாரணம். செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஏலம் போடும் முன் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். குடும்பச் சண்டையோ நோய் விவரமோ இருந்தால் உறையை மட்டும் விற்கலாம்.

7. விலை தெரிந்துகொள்ள, விற்பனைக்கு இருக்கும் பொருளின் விலையைப் பார்ப்பதில் பயனில்லை. ஆயிரம் டாலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஈபேயில் தேடும்போது 'விற்றுப்போனவை' என்ற வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் அதே மாதிரிப் பொருள்கள் சமீபத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போயின, எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியும். ஒரே மாதிரியான ஐந்தாறு விற்பனையை நோட்டில் எழுதிக்கொண்டு, மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் அடித்துவிட்டு மீதியைப் பாருங்கள். வாட்ஸ்அப் குழு என்றால் இரண்டு வாரம் பேசாமல் உட்கார்ந்து ஏலத்தைக் கவனித்தாலே போதும்.

8. ஆரம்ப விலை வைப்பதில் ஆளுக்கொரு கட்சி. ஒரு டாலரிலோ ஒரு ரூபாயிலோ தொடங்கினால் கூட்டம் கூடும், கூட்டம் விலையை ஏற்றும் என்பார்கள். தேடுகிறவர்கள் நிறைய உள்ள பொருளுக்கு அது உண்மைதான். ஆனால் புதிதாக விற்க வருகிறவர், அதுவும் அபூர்வமாக ஒருவர் மட்டுமே தேடும் பொருளை வைத்திருப்பவர் இதைச் செய்யக்கூடாது. எந்த விலைக்குப் போனால் உங்களுக்கு வருத்தம் இருக்காதோ அதையே ஆரம்ப விலையாக வையுங்கள். ஒரே ஒருவர் கேட்டு ஏலம் முடிந்தாலும் தூக்கம் கெடாது.

9. ஈபே ஏலம் நடக்கும் விதம் நம் ஊர் மீன் ஏலம் போல் இருக்காது. கேட்பவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று ரகசியமாகப் பதிந்துவிடுவார். எதிராளி ஏற ஏற, தளமே அவர் சார்பில் சிறிது சிறிதாக ஏற்றும். ஒருவர் அதிகபட்சம் 40 டாலர், இன்னொருவர் 60 டாலர் என்று வைத்தால் பொருள் 60-க்குப் போகாது, 41 டாலருக்கு நின்றுவிடும். உங்கள் விலையைத் தீர்மானிப்பவர் தோற்றுப்போகும் இரண்டாவது ஆள்தான். ஆகவே விளம்பரம் எழுதும்போது ஒருவரை மயக்குவதைவிட அதிகம் பேர் கண்ணில் படுவதற்குப் பாடுபடுங்கள்.

10. அனுபவசாலிகள் கடைசிச் சில நொடிகளில்தான் கேட்பார்கள். ஐந்து நாளாக ஒருவரும் கேட்கவில்லையே என்று ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர் அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், நிலவரம் புரியும்.

11. ஏலம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறதோ அதே மணிக்குத்தான் முடியும். இதைக் கவனிக்காமல் சௌகரியமாக மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போட்டால், முடியும்போது அமெரிக்காவில் நடுநிசி. வாங்குகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். கிழக்கு அமெரிக்காவில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் இங்கே திங்கள் காலை 5.30, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றிய பிறகு 6.30. ஏழு நாள் ஏலத்தைத் திங்கள் விடியற்காலை தொடங்கினால் சரியாக அங்கே வந்து முடியும். உள்ளூர்க் குழுக்களில் இரவு ஒன்பது, பத்து மணி வாக்கில் முடித்தால் நல்லது. வேலை முடிந்து, சாப்பிட்டு, போனோடு உட்காரும் நேரம்.

12. தலைப்பில் "அரிய", "அற்புதமான" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அந்தச் சொல்லைப் போட்டு யாரும் தேடுவதில்லை. ஈபேயில் தலைப்புக்கு 80 எழுத்துதான். கம்பெனி, மாடல், வருடம், அளவு, மொழி, பாடகர் பெயர் என்று தேடுகிறவர் தட்டும் சொற்களை வையுங்கள். இசைத்தட்டு என்றால் லேபிளில் அச்சடித்திருக்கும் எண்ணையும் தவறாமல் எழுதுங்கள். சேகரிப்பவர் அதை வைத்துத்தான் தேடுவார்.

13. படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. காலை வெயில் நேராக விழாத ஜன்னலோரம், கீழே ஒரு வெள்ளை வேட்டி, போதும். ஃப்ளாஷ் வேண்டாம். ஆறு பக்கமும் எடுங்கள். பழுதை மட்டும் கிட்டத்தில் தனியாக எடுங்கள். அளவு தெரிய ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம். பின்னணியில் வாஷிங் மெஷினும் காயும் துணியும் தெரியாமல் பார்த்துக்கொண்டால், பார்க்கிறவருக்கு விற்பவர் மேல் ஒரு மரியாதை வரும்.

14. குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்த வியாபாரத்தில் பணம் போவது பெரும்பாலும் "சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்ற புகாரில்தான். அப்படி ஒரு புகார் உறுதியாகிவிட்டால் பணமும் போகும், திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழும், பெயரும் கெடும். வாட்ச் ஓடுகிறதா, ஒரு நாளைக்கு எவ்வளவு பின்தங்குகிறது, டயல் கம்பெனி போட்டதா அல்லது பிற்பாடு பெயின்ட் அடித்ததா என்று எழுதுங்கள். எச்எம்டி விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். வெவ்வேறு வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்து, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் டயல் அடித்து விற்பவர்கள் இருப்பதால், நம் நாட்டிலிருந்து வரும் பழைய வாட்ச் என்றாலே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இரண்டு தடவை யோசிக்கிறார்கள். உள்ளே இருக்கும் இயந்திரத்தின் படத்தைப் போட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். "பிளேயர் இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லை" என்று எழுதிய இசைத்தட்டும் விற்கத்தான் செய்கிறது.

15. விலை பேசும் முன் தபால் செலவு. சமையலறைத் தராசில் பொருளைப் பெட்டியோடு நிறுத்துப் பாருங்கள். தனியார் கூரியர்கள் எடையோடு இடத்தையும் கணக்கிடுவார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கொள்ளளவு எடை. உள்ளே இருக்கும் பழைய கொலு பொம்மை ஒன்றரைக் கிலோதான் என்றாலும் பெட்டி 40க்கு 30க்கு 30 என்றால் 7.2 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். தபால்தலை, நாணயம், பேனா, பாட்டுப் புத்தகம் போன்ற சிறிய பொருள்களில் வியாபாரம் நடப்பதற்கும் பித்தளை அண்டாவில் நடக்காததற்கும் காரணம் இதுதான்.

16. கட்டும் விதம். இசைத்தட்டை அட்டை உறைக்குள்ளேயே விட்டு அனுப்பினால் வழியில் குலுங்கி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். தட்டை வெளியே எடுத்து, உள் காகித உறையோடு அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டியான அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, தரையில் விழுந்தால் இரண்டுதான். அதற்குப் பெட்டிக்குள் பெட்டி வையுங்கள். நாணயம் உறைக்குள் கலகலக்கக் கூடாது. புடவையில் பாச்சை உருண்டை வாசம் அடித்தால் இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டுக் கட்டுங்கள். கட்டுவதை ஆரம்பம் முதல் ஒட்டுவது வரை போனில் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

17. வெளிநாட்டுக்கு விற்பதற்கு ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏற்றுமதித் தபாலுக்கு என்று அஞ்சல் துறை 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்ற மையங்களைத் திறந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். சுங்கப் படிவத்தில் வரியைத் தவிர்க்க "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்லி வாங்குபவர் கெஞ்சுவார், எழுதாதீர்கள். 800 டாலர் வரையிலான பார்சலுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-உடன் நின்றுவிட்டது. இப்போதைய வரி எவ்வளவு, யார் கட்டுவது என்பதை ஏலம் போடும் முன்பே தெரிந்துகொண்டு விவரத்தில் எழுதிவிடுங்கள்.

18. லாபக் கணக்கை டாலரில் போடாதீர்கள், ரூபாயில் போடுங்கள். பொருள் 20 டாலர், தபால் 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஈபே தன் கமிஷனை 20-க்கு எடுக்காது, 32-க்கு எடுக்கும். அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான பிரிவுகளில் அது 13 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆகவே 4 டாலருக்கு மேல் போய்விடும். பணத்தை ரூபாயாக மாற்றும்போது ஒரு வெட்டு. பெட்டி, டேப், ஆட்டோ, இதெல்லாம் வேறு. மிச்சம் வந்தால் சரி. பத்து டாலருக்குக் கீழே போகும் பொருளைத் தனியாக விற்காமல் நாலைந்தாகச் சேர்த்துக் கட்டி விற்பது நல்லது.

19. உள்ளூர்க் குழுக்களில் கமிஷன் தொல்லை குறைவு. பதிலுக்கு ஒழுங்கு முக்கியம். முடியும் நேரம், குறைந்தபட்ச ஏற்றம், கூரியர் யார் செலவு, எத்தனை நாளில் பணம் கட்ட வேண்டும் என்று முதல் பதிவிலேயே போட்டுவிடுங்கள். கடைசி நிமிடத்தில் கேள்வி வந்தால் நேரம் நீளுமா என்பதையும் சொல்லுங்கள். சண்டை வருவது அங்கேதான். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

20. விலை ஏற மச்சானை விட்டுக் கேட்கச் சொல்வது மோசடி. ஈபே கண்டுபிடித்தால் கணக்கை முடக்கும். குழுவில் கண்டுபிடித்தால் உங்கள் பெயர் எல்லாக் குழுக்களுக்கும் போகும்.

21. பரண் ஒருநாள் காலியாகும். அதற்குப் பிறகு வாங்கி விற்க இறங்குகிறவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள், தெருமுனைப் பழைய பேப்பர் கடை என்று சுற்றுவார்கள். காரைக்குடிக் கடைக்காரர்களுக்கு விலை உங்களைவிட நன்றாகத் தெரியும், அங்கே கற்றுக்கொள்ளப் போகலாம். லாபத்துக்குப் பேப்பர் கடைதான். எல்லாவற்றையும் வாங்காமல் பேனா என்றால் பேனா, தீப்பெட்டி லேபிள் என்றால் லேபிள் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதில் ஊறுங்கள். போலியை அடையாளம் காண ஒரே வழி அதுதான்.

22. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துணிமணி, சாமான்களை விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. வாங்கி விற்க ஆரம்பித்துவிட்டால் அது வியாபாரம். வருமான வரி, ஜிஎஸ்டி இரண்டையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விற்ற ஒவ்வொன்றுக்கும் தேதி, விலை, செலவு என்று ஒரு நோட்டு இருந்தால் அவர் வேலையும் சுலபம், உங்கள் செலவும் குறைவு.

23. பழைய போன், லேப்டாப் விற்கும்போது படங்களை அழித்தால் மட்டும் போதாது. கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு முழுதாக ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் ரீசெட் செய்தால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம். லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானத் தபாலில் சாதாரணமாக ஏற்க மாட்டார்கள், உள்ளூரிலேயே நேரில் கொடுத்துவிடுங்கள்.

24. கடைசியாக, மோசடி. பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு உடனே ஒப்புக்கொள்கிற ஆளிடம் எச்சரிக்கையாக இருங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன் என்று அடையாள அட்டைப் படம் அனுப்புவார். பிறகு ஒரு கியூஆர் கோடு வரும், "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் விழும்" என்பார். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் உங்கள் பணம்தான் போகும். தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றாலும் முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் போனை எடுக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் முடக்க வாய்ப்பு உண்டு.